காவல் காமிராவுக்குச் சாப்பாடு எது? பாட்டரியா, பிளக்கா?

வீட்டுக் காவலுக்கு நாய் வளர்ப்பவர்கள் முதலில் எதைக் கவனிக்கிறார்கள்? அதற்கு வேளாவேளைக்குச் சோறு வைக்கிறோமா என்பதைத்தான். பட்டினி கிடக்கும் நாய் குரைக்காது. மூலையில் சுருண்டு படுத்துவிடும்.

இன்று பல வீடுகளில் நாய் பார்த்த வேலையைக் காமிரா பார்க்கிறது. வாசல் நிலைக்கு மேலே ஒரு சிறு கண்ணாடிக் கண். யார் வந்தாலும் செல்போனில் படம் வந்துவிடும். "இது கம்பியில்லாக் காமிரா, அம்மா! வாங்கி மாட்டினால் போதும்" என்று கடைக்காரர் சொல்கிறார். நாமும் நம்பி வாங்கி வருகிறோம்.

ஆனால் இந்தக் காவல்காரனுக்கும் பசி உண்டு. இவனுடைய சாப்பாடு மின்சாரம். அந்தச் சாப்பாட்டை உள்ளே வைத்த பாட்டரி போட வேண்டுமா? சுவரில் உள்ள பிளக் போட வேண்டுமா? கேள்வி சிறியதுதான். ஆனால் இதை யோசிக்காமல் மாட்டிவிட்டால், காமிரா இருந்தும் காவல் இல்லாத வீடாகிவிடும்.

பூட்டிய வீடுகள்

மாதனூரை உங்களில் பலர் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், வேலூரைத் தாண்டி, ஆம்பூருக்கு முன்னால் வருகிறது. குடியாத்தம் போகிறவர்கள் இங்கே பிரிந்து பாலாற்றைக் கடப்பார்கள். 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, இந்த ஊர் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது.

இது தோல் தொழில் நடக்கும் பக்கம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் ஷூ தைக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. ஷூ தைக்கும் வேலையில் பெண்களே அதிகம். காலையில் கம்பெனி வண்டி வந்து நிற்கும். சாப்பாட்டுப் பையோடு பெண்கள் ஏறுவார்கள். கணவனும் வேலைக்குப் போய்விடுவான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். அப்புறம் வீட்டைக் காப்பது ஒரு பூட்டுத்தான்.

இப்படிப்பட்ட ஒரு தெருவில் இரண்டு வீடுகளை மனத்தில் வைத்துக்கொள்வோம். வீடுகள் கற்பனை. ஆனால் அங்கே நடப்பது எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியது.

அக்காள் வாங்கியது பாட்டரி

ஒரே தெருவில் அக்காளும் தங்கையும் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். இருவரும் ஷூ கம்பெனியில் மிஷின் தைக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனதாகக் கேள்விப்பட்டதும், இருவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

அக்காள் பாட்டரிக் காமிரா வாங்கினாள். பிளக் வேண்டாம். ஒயர் வேண்டாம். சுவரில் ஓட்டை போட வேண்டாம். இரண்டு திருகாணியில் வேலை முடிந்தது. "ஒருமுறை சார்ஜ் செய்தால் ஆறு மாதம்" என்று டப்பாவில் போட்டிருந்தது. தெருவைப் பார்த்தபடி வாசலில் மாட்டினாள்.

பதினைந்து நாள் ஆவதற்குள் காமிரா அணைந்தது. மறுபடி சார்ஜ் செய்தாள். மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை, செல்போனில் இங்கிலீஷில் ஏதோ செய்தி வந்தது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த அவள், 'விளம்பரமாக்கும்' என்று தள்ளிவிட்டாள். "பாட்டரி தீரப் போகிறது" என்று சொல்ல வந்த செய்தி அது.

நான்கு நாள் கழித்துத் திருடன் வந்தான். மகளுக்கென்று சேர்த்து வைத்த இரண்டு பவுன் சங்கிலி போயிற்று. வாசலில் காமிரா இருந்தது. அதன் கண் மூடியிருந்தது.

தங்கை வாங்கியது பிளக்

தங்கை பிளக்கில் செருகும் காமிரா வாங்கினாள். சார்ஜ் செய்யும் தொல்லை இல்லை. இரவு பகலாகப் படம் ஓடியது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் செல்போனை எடுத்து, தன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொள்வாள். மனத்துக்கு நிம்மதியாக இருக்கும்.

ஒரு நாள் உறவுக்காரர் கல்யாணத்துக்காக வாணியம்பாடி போனார்கள். இரவு மண்டபத்தில் செல்போனைப் பார்த்தாள். படம் வரவில்லை. "கரண்ட் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

கரண்ட் போகவில்லை. திண்ணைச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை ஒருவன் இறக்கிவிட்டான். அவ்வளவுதான். காமிரா அணைந்தது. வைஃபை பெட்டியும் அணைந்தது. மகனுக்குக் காலேஜில் கட்ட வைத்திருந்த பணம் போயிற்று.

காலையில் அக்காளும் தங்கையும் திண்ணையில் உட்கார்ந்து அழுதார்கள். தெருவுக்கு வேலை பார்க்கும் ஒயர்மேன் வந்தார்.

"என்னா அண்ணே இது! நான் பாட்டரி வாங்கினேன், ஏமாந்தேன். இவ பிளக்கு வாங்கினா, இவளும் ஏமாந்தா. அப்புறம் எதைத்தான் வாங்குறது?" என்றாள் அக்காள்.

"ரெண்டு காமிராவும் நல்ல காமிராதாம்மா. எதுக்கு எப்படிச் சாப்பாடு போடணும்னு யாரும் உங்களுக்குச் சொல்லல. அதான் தப்பு" என்றார் ஒயர்மேன்.

அவர் சொல்லக்கூடியதை நாமும் கேட்போம்.

எந்தக் கம்பி இல்லை?

முதலில் 'கம்பியில்லா' என்ற சொல்லைப் பார்ப்போம். அந்தக் காலத்தில் 'கம்பியில்லாத் தந்தி' என்றார்கள். செய்தி கம்பி இல்லாமல் போயிற்று என்பதுதான் அதன் பொருள். அனுப்பும் நிலையத்தில் மின்சாரம் இல்லாமல் எந்தச் செய்தியும் போகவில்லை.

காமிராவிலும் அதே கதைதான். காமிரா பிடித்த படம், ரேடியோ அலையாக வீட்டுக்குள் இருக்கும் வைஃபை பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து இன்டர்நெட் வழியாக உங்கள் செல்போனுக்கு வருகிறது. கம்பியில்லாமல் போவது அந்தப் படம் மட்டுமே. காமிராவுக்கு மின்சாரம் வேண்டும். வைஃபை பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். காமிரா, வைஃபை பெட்டி, செல்போன் - இந்த மூன்றில் ஒன்று அணைந்தாலும் அந்த நேரத்தில் செய்தி வராது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

ஆறு மாதக் கணக்கு

பாட்டரிக் காமிரா எப்படி வேலை செய்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

வீட்டுக் காமிரா விழித்திருக்கும்போது சுமார் 4 வாட் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டரியில் 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது. அதாவது 4 வாட் காமிராவுக்கு, நிறுத்தாமல் ஓடினால், சுமார் 9 மணி நேரச் சாப்பாடு. காலை ஏழரை மணிக்குக் கம்பெனி வண்டி ஏறி, மாலை ஆறரை மணிக்கு வீடு திரும்பினால் 11 மணி நேரம். ஒரு நாள் வேலைக்குக்கூட இந்தச் சாப்பாடு போதாது!

அப்படியானால் ஆறு மாதம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? காமிரா தூங்குகிறது. அதுதான் ரகசியம்.

பாட்டரிக் காமிராவில் இன்னொரு சிறு கண் இருக்கிறது. அது படம் பிடிக்காது. உடல் சூட்டை மட்டும் உணரும். அதற்கு வேண்டிய மின்சாரம் மிகமிகக் குறைவு. ஆள் குறுக்கே போனால், அந்தச் சூட்டின் அசைவை உணர்ந்து பெரிய கண்ணை எழுப்பும். பெரிய கண் சில விநாடி படம் பிடித்து அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒரு நாளைக்கு 20 தடவை எழுகிறது, ஒவ்வொரு தடவையும் 15 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 5 நிமிஷம். அந்த 10,000 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரி சுமார் மூன்று மாதம் தாங்கும். அதையே தெருவைப் பார்த்து மாட்டினால்? பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், மோட்டார் சைக்கிள், மாடு, நாய் என்று 200 தடவை எழ வேண்டும். மொத்தம் 50 நிமிஷம். அதே பாட்டரி 11 நாளில் தீர்ந்துவிடும்.

அக்காள் வீட்டில் நடந்தது இதுதான். காமிரா கெட்டுப்போகவில்லை. அதை வைத்த இடம் தவறு. தெருவைப் பார்க்கும் கண்ணுக்குத் தூக்கம் ஏது?

தூங்கி எழும் காமிராவிடம் இன்னொரு குறையும் உண்டு. அது எழுந்து கண் திறக்க ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ ஆகலாம். அதற்குள் வேகமாகப் போகிறவன் கடந்துவிடுவான். முகம் கிடைக்காது, முதுகுதான் கிடைக்கும். அதனால், வருகிறவன் காமிராவுக்குக் குறுக்கே நடக்கும்படி மாட்ட வேண்டும். சூட்டை உணரும் கண்ணுக்கு, நேராக எதிரே வருகிறவனைவிடக் குறுக்கே நடக்கிறவன்தான் சீக்கிரம் தெரிவான்.

அக்னி நட்சத்திரமும் காமிராவும்

வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மே மாதத்தில் 40 டிகிரி செல்ஷியசைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. மனித உடலின் சூடு 37 டிகிரி. சுவரும் தரையும் அதே அளவு காய்ந்து கிடந்தால், சூட்டை உணரும் கண் குழம்பிப் போகிறது. மனிதன் எது, சுவர் எது என்று பிரித்தறிவது அதற்குக் கஷ்டமாகிறது. நடுப்பகல் வெயிலில் பாட்டரிக் காமிரா சில சமயம் ஆளைத் தவறவிடுவது இதனால்தான். இரவில் சுவர் குளிர்ந்துவிட்டால் நன்றாக உணரும்.

"அப்படியானால் சோலார் தகடு மாட்டிவிடுகிறேன். இங்கே வெயிலுக்கா பஞ்சம்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, இந்தக் காமிராக்களில் இருப்பது லித்தியம் அயனி பாட்டரி. 1991ஆம் ஆண்டில் ஜப்பானிய சோனி கம்பெனி இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்க உழைத்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்போனில் இருப்பதும் இதே இனம்தான். இதற்கு அதிகச் சூடு ஆகாது. பொதுவாக 45 டிகிரிக்கு மேல் இதைச் சார்ஜ் செய்யக்கூடாது. மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் காமிராவை மாட்டினால், அதன் உள்ளே சூடு இந்த அளவைத் தாண்டிவிடும். தகடு வெயிலில் இருக்கட்டும். காமிரா நிழலில் இருக்கட்டும். இரண்டையும் இணைக்கத்தான் ஒயர் கொடுத்திருக்கிறார்களே!

இரண்டு, நெடுஞ்சாலைப் புழுதி. தகட்டின்மேல் தூசி படிந்தால் மின்சாரம் குறையும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மூட்டம் போட்டால் தகட்டை நம்ப முடியாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள்தான் சார்ஜ் செய்ய வேண்டும்.

பிளக்கின் பலமும் பலவீனமும்

பிளக் காமிராவின் பெரிய பலம், அதற்குத் தூக்கம் வேண்டாம் என்பதுதான். நாள் முழுதும் விழித்திருக்கும். உள்ளே மெமரி கார்டு போட்டால், நடந்ததை எல்லாம் விடாமல் பதிந்து வைக்கும். திருட்டுப் போனபின் போலீசார் கேட்பது என்ன? 'அவன் எந்தப் பக்கமிருந்து வந்தான்? எந்தப் பக்கம் போனான்? கூட யார்? முதல் நாள் வந்து நோட்டம் பார்த்தானா?' 15 விநாடித் துண்டுப் படத்தில் இதற்கெல்லாம் பதில் இருக்காது. விடாமல் ஓடிய படத்தில் இருக்கலாம்.

மின்சாரச் செலவு? 4 வாட் காமிரா இரவு பகல் ஓடினாலும் மாதம் 3 யூனிட்தான். இரண்டு மாதப் பில்லில் 6 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2016ஆம் ஆண்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த 6 யூனிட்டை நினைத்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

பலவீனம் எது? தங்கை வீட்டில் பார்த்தோமே, அதுதான். பல வீடுகளில் மெயின் சுவிட்ச் திண்ணையிலோ வெளிச் சுவரிலோ இருக்கிறது. யார் கையும் எட்டும். தவிர, மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தப்படும் நாட்கள் உண்டு. எந்த ஊரில், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று பத்திரிகையிலேயே செய்தி வருகிறது. அந்தச் செய்தியை நாம் மட்டுமா வாசிக்கிறோம்? திருடனும் வாசிக்கலாம் அல்லவா?

ஆகவே, பிளக் காமிராவுக்குக் கட்டுச்சோறு ஒன்று வேண்டும்.

2012ஆம் ஆண்டு வாக்கில் நம் மாநிலத்தில் தினமும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அப்போது பலர் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அது இன்னும் வேலை செய்தால், காமிராவையும் வைஃபை பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கச் சொல்லுங்கள். மெயினை எவன் இறக்கினாலும் இரண்டும் ஓடும். ஒயர்மேனுக்கு இது பெரிய வேலை அல்ல.

இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. வைஃபை பெட்டிக்கென்றே சிறிய யு.பி.எஸ். கடையில் கிடைக்கிறது. கையடக்கமாக இருக்கும். கரண்ட் போனாலும் பெட்டியைச் சில மணி நேரம் ஓட வைக்கும். காமிராவுக்கும் சேர்த்து மின்சாரம் தரும் ரகங்களும் உண்டு. வாங்கும்போது, உங்கள் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதற்குப் பொருத்தமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இங்கே பாட்டரிக் காமிராக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 'எங்களுக்குத்தான் பாட்டரி இருக்கிறதே' என்று இருந்துவிடாதீர்கள். கரண்ட் போனால் உங்கள் காமிரா விழித்திருக்கும், சரி. ஆனால் வைஃபை பெட்டி அணைந்துவிடும். காமிரா கத்தும், கேட்க ஆள் இருக்காது. பாட்டரிக் காமிரா வைத்திருப்பவருக்கும் வைஃபை பெட்டிக்குக் கட்டுச்சோறு அவசியம்.

ஒயர் இழுக்கும்போது

பிளக் காமிராவுக்கு ஒயர் இழுப்பதில் செய்யும் ஒரு தவறு பலருக்குத் தெரிவதில்லை. பகலெல்லாம் காமிரா நன்றாக ஓடும். இரவானதும் அணைந்து அணைந்து எரியும். காமிரா கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போவார்கள். அங்கே நன்றாக ஓடும்!

காரணம் ஒயரில் இருக்கலாம். பல காமிராக்கள் 5 வோல்ட்டில் ஓடுபவை. மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால் வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும். இரவில் காமிரா தன்னுடைய இருட்டு விளக்கைப் போடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அது. அதற்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். அது கிடைக்காமல் காமிரா மயங்கி விழுகிறது. ஒயரைக் குட்டையாக வையுங்கள். தூரம் அதிகம் என்றால் தடித்த ஒயர் போடுங்கள். அல்லது 12 வோல்ட்டில் ஓடும் காமிராவாக வாங்குங்கள்.

அடாப்டர் எப்போதும் வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும். மழை படும் இடத்தில் பிளக் வைப்பது உயிருக்கே ஆபத்து. வெளியே போகிற ஒயர், சுவர் ஓட்டைக்குள் நுழையுமுன் சற்றுக் கீழே தொங்கி மேலேறட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

மெயின் சுவிட்சை வீட்டுக்குள் மாற்ற நினைப்பவர்கள் தாங்களே கை வைக்கக்கூடாது. உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு செய்யுங்கள். மீட்டரும் அதன் சீலும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. அவற்றைத் தொடக்கூடாது.

ஒரு நர்ஸ் அம்மாளின் யோசனை

வேலைக்குப் போகும் பெண்ணின் பயத்திலிருந்துதான் வீட்டுக் காமிராவே பிறந்தது என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ் இருந்தார். அவருக்கு வேலை நேரம் மாறி மாறி வரும். கணவர் ஆல்பர்ட்டுக்கும் அப்படியே. பல இரவுகளில் அந்த அம்மாள் தனியாக இருப்பார். அந்தப் பகுதியில் குற்றங்கள் அதிகம். போலீசைக் கூப்பிட்டாலும் வர நேரமாகும்.

கதவில் மேலும் கீழுமாக நான்கு துவாரம். பின்னால் ஏறி இறங்கும் ஒரு டெலிவிஷன் காமிரா. படுக்கை அறையில் இருந்தபடியே வந்தவரின் முகத்தைப் பார்க்கலாம், பேசலாம், பட்டனை அழுத்திக் கதவைத் திறக்கலாம், ஆபத்தானால் மணி அடிக்கலாம். கணவனும் மனைவியும் 1966இல் இதற்கு விண்ணப்பம் செய்தார்கள். 1969 டிசம்பர் 2ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது.

அன்றைய டெலிவிஷன் காமிராவைப் பாட்டரியில் மாதக்கணக்கில் ஓட்ட வழி இல்லை. இன்று அதே வேலையை உள்ளங்கை அளவுக் காமிரா செய்கிறது. கருவி சிறுத்துவிட்டது. அந்த அம்மாளின் பயம் மாதனூர்ப் பெண்ணுக்கும் இருக்கிறது.

எந்த இடத்துக்கு எது?

இனி, முடிவாக எதை வாங்குவது?

தெருவைப் பார்த்த வாசலுக்குப் பிளக் காமிரா. அங்கே நடமாட்டம் அதிகம். தூங்காத கண்தான் வேண்டும்.

பின்பக்கம், கிணற்றடி, மாட்டுக் கொட்டகை, மொட்டை மாடிப் படி - இங்கெல்லாம் பிளக் இருக்காது, நடமாட்டமும் குறைவு. இங்கே பாட்டரிக் காமிரா ஏற்றது. வெயில் விழும் இடமானால் சோலார் தகடும் சேர்க்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரை உடைக்க முடியாது. அவர்கள் வாசலுக்கே பாட்டரிக் காமிரா வைக்க நேரலாம். அப்படியானால் அது தெருவைப் பார்க்காமல், உங்கள் கதவை மட்டும் பார்க்கும்படி கோணத்தைத் திருப்புங்கள். தூக்கமும் கிடைக்கும், பாட்டரியும் நிற்கும்.

கையில் பணம் குறைவு, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வாசலுக்குப் பிளக் காமிரா ஒன்றும், வைஃபை பெட்டிக்குச் சிறு யு.பி.எஸ். ஒன்றும் வாங்குங்கள். சாப்பாடு இல்லாத இரண்டு காமிராவைவிடச் சாப்பாடு உள்ள ஒரு காமிரா மேல்.

எதை வாங்கினாலும் மெமரி கார்டு போடுங்கள். இன்டர்நெட் நின்றாலும் படம் கார்டில் இருக்கும். கடைக்காரர் வைத்துக் கொடுத்த ரகசியச் சொல்லை உடனே மாற்றுங்கள். பக்கத்து வீட்டுக் குளியலறையோ கொல்லையோ படத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நம் பாதுகாப்பு அடுத்தவருக்குத் தொல்லையாகக் கூடாது.

பாட்டரியைப் படுக்கை மேலோ அடுப்பங்கரையிலோ வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். உப்பிப் போன பாட்டரியை உடனே நிறுத்திவிடுங்கள். அதைக் குத்தவோ நெருப்பில் போடவோ கூடாது.

இரண்டு வீடுகளும் இன்று

நம் அக்காளும் தங்கையும் என்ன செய்தார்கள்? ஒயர்மேன் சொன்னபடி அக்காளின் காமிரா பின்பக்கம் போயிற்று. சம்பள நாளன்று பாட்டரியைச் சார்ஜ் செய்வது என்று ஏற்பாடு. மறக்கவே மறக்காத நாள் அல்லவா அது! செல்போனில் வரும் இங்கிலீஷ் செய்தியை மகள் வாசித்துச் சொல்கிறாள். சில நாளில் அக்காளே அந்தப் பாட்டரிப் படத்தை அடையாளம் கண்டுகொண்டாள். முழுதாக இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது, சிவப்பாக இருந்தால் பசி.

தங்கை வீட்டு மெயின் சுவிட்ச் வீட்டுக்குள் போயிற்று. காமிராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் சேர்த்து ஒரு சிறு யு.பி.எஸ். வந்தது. வந்த அன்றே ஒயர்மேன் மெயினை இறக்கிக் காட்டினார். வீடெல்லாம் இருட்டு. செல்போனில் மட்டும் வாசல் தெரிந்தது. "மாசத்துக்கு ஒரு தடவை இப்படி நீங்களே இறக்கிப் பாருங்கம்மா. திருடன் சோதிக்கிறதுக்கு முன்னால நாம சோதிச்சுடணும்" என்றார் அவர்.

இன்னொன்றும் செய்தார்கள். ஊருக்குப் போகும்போது எதிர்வீட்டுப் பாட்டியிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். போலீஸ் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். செல்போனில் வாசல் தெரியாமல் போனால், "கரண்ட் போயிருக்கும்" என்று இப்போது படுப்பதில்லை. உடனே பாட்டிக்குப் போன் போடுகிறார்கள்: "பாட்டி, நம்ம வூட்டுப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்க. உங்க வூட்ல கரண்ட் இருக்கா?"

பாட்டி வீட்டில் கரண்ட் இருந்து, தங்கை வீட்டில் இல்லையென்றால் விஷயம் புரிந்துவிடும்.

வாசகர்களே! ஞாயிற்றுக்கிழமை வரட்டும். வீட்டில் எல்லாரும் இருப்பீர்கள். காமிரா வைத்திருப்பவர்கள் எழுந்து போய் மெயின் சுவிட்சை ஒரு நிமிஷம் இறக்குங்கள். செல்போனைப் பாருங்கள். வாசல் தெரிகிறதா? தெரிந்தால் நிம்மதியாகச் சாப்பிட உட்காருங்கள். தெரியாவிட்டால், நாளைக்கே ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.